கருங்கல் தலையணையாகிவிட்டதா? வாட்டர்கலர் பென்சில் கோளாறுகளும் அவற்றுக்கான கைவைத்தியமும்

பெங்களூரு அல்சூர் சோமேசுவரர் கோயில் மண்டபத் தூண் ஒன்றை வாட்டர்கலர் பென்சிலால் (தண்ணீர் பட்டால் கோடு கரைந்து வண்ணப்பூச்சாகிவிடும் பென்சில்) வரைந்து, காய்வதற்காக ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தேன். வாசலில் பூக்கட்டும் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது தம்பி, தலையணைதானே?" என்றார். கருங்கல் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம் அம்மா" என்று சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது தவறு பிடிபட்டது. இரண்டு மணி நேரம் கூர்முனைப் பென்சிலால் கல்லின் புள்ளி, பொறிவு, உளித்தடம் எல்லாவற்றையும் பொறுமையாகப் போட்டிருந்தேன். பிறகு ஈரத் தூரிகையை எடுத்து மேலிருந்து கீழ்வரை ஒரே தடவலாகத் தடவினேன். இரண்டு மணி நேர உழைப்பை அரை நிமிடத்தில் தண்ணீர் தின்றுவிட்டது. இந்தப் பென்சிலில் சொரசொரப்பைத் தருவது உலர்ந்த கோடு. அதை அழிப்பது தண்ணீர். எங்கே தண்ணீர் படக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் கீழே வரும் கோளாறுகளில் பாதி தலைகாட்டாது. மீதிப் பாதிக்கு, உங்கள் படத்தில் தெரியும் அறிகுறியைத் தேடிப் படியுங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

கல், சுவர், பாறை எல்லாம் பஞ்சு போல் இருக்கின்றன

மேலே சொன்ன என் கதைதான். கையில் இருக்கும் படத்தை முதலில் காப்பாற்றலாம். தாள் முழுவதும் காயட்டும். பிறகு அடர்பழுப்புப் பென்சிலைப் படுக்கைவாட்டில் பிடித்து, அழுத்தாமல், தாளின் மேல் உரசினாற்போல ஓட்டுங்கள். கரடுமுரடான தாளின் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும். பள்ளங்கள் வெறுமையாக நிற்கும். கல்லின் பொறிவு அதிலேயே வந்துவிடும். இதன் மேல் மறுபடி தூரிகையைக் கொண்டுபோகாதீர்கள்.

எங்கே உரசுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். படம் முழுவதும் ஒரே சீராகப் புள்ளி வைத்தால் கல் தெரியாது, அம்மை போட்டதுபோல்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் மாலை நான்கரை மணிக்குப் பெங்களூரு லால்பாக் பூங்காவின் பாறைமேல் போய் நில்லுங்கள். (ஆகஸ்டு மலர்க்காட்சி நாள்களில் வேண்டாம், பாறை தெரியாது, தலைகள்தான் தெரியும்.) சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள நைஸ் (gneiss) வகைப் பாறை அது. வெயில் நேராக விழும் பக்கம் வெளுத்து, ஏறக்குறைய வழவழப்பாகத் தெரியும். நிழல் பக்கம் ஒரே இருட்டு. இரண்டும் சந்திக்கும் எல்லையில் மட்டும் வெயில் சாய்ந்து விழுவதால் ஒவ்வொரு சின்ன மேடும் தன் நிழலை நீட்டிக்கொண்டு நிற்கும். பாறையின் சொரசொரப்பை நம் கண் படிப்பது அந்தப் பட்டையில்தான். பென்சில் உழைக்க வேண்டிய இடமும் அதுவே. வெளிச்சப் பக்கத்தில் நான்கைந்து புள்ளிகள், இருட்டில் இரண்டு விரிசல் போதும்.

புதிதாக வரைவதானால் உப்புத்தாள் வழியை முயன்று பாருங்கள். பாறையின் பகுதியைச் சுத்தமான தண்ணீரால் ஈரமாக்குங்கள். தாள் கண்ணாடிபோல் மினுங்கும். அந்த மினுமினுப்பு அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். அடங்கியதும், ஒரு சாண் உயரத்தில் உப்புத்தாளைப் பிடித்து அதில் பென்சில் முனையைத் தேயுங்கள். தூள் கீழே விழும். விழுந்த ஒவ்வொரு துகளும் அந்தந்த இடத்திலேயே லேசாக ஊறி, ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கசிந்தும் நிற்கும். கையால் இப்படி ஒரு புள்ளி வைக்க யாராலும் முடியாது. முதலில் சாம்பல், பிறகு சிறிது காவி, கடைசியில் ஒரு சிட்டிகை கருநீலம். தாள் இன்னும் மினுங்கும்போது தேய்த்தால் துகள்கள் கரைந்து மேகமாகும். காய்ந்தபின் தேய்த்தால் வெறும் தூசி, ஊதினால் பறந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் நேரம் ஒன்றிரண்டு நிமிடம்தான் என்பதால் உப்புத்தாளையும் பென்சில்களையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். நான் மறந்து, மேசைவிரிப்புக்கும் கருங்கல் வேலைப்பாடு செய்து கொடுத்திருக்கிறேன்.

தண்ணீர் விட்டும் பென்சில் கோடு கரையவில்லை

முதலில் பென்சிலின் உடம்பைப் பாருங்கள். தூரிகைச் சின்னம் இருக்கிறதா? இல்லையென்றால் அது சாதாரண வண்ணப் பென்சிலாக இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இரண்டும் ஒரே டப்பாவில் கலந்துவிடும்.

சின்னம் இருந்தும் கரையவில்லையென்றால் அழுத்தம்தான் காரணம். அழுத்தி வரைந்தால் வண்ணம் தாளின் இழைகளுக்குள் திணிக்கப்படுகிறது; தாளும் அந்த இடத்தில் நசுங்கிப் பள்ளமாகிறது. மென்மையான தூரிகை அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது. விறைப்பான பன்றிமயிர்த் தூரிகை ஒன்றை எடுத்து, ஈரம் தொட்டு, கோட்டின் மேல் சில விநாடிகள் தண்ணீரை நிறுத்தி வைத்துவிட்டு, சின்னச் சின்ன வட்டமாக அசைத்துப் பாருங்கள். அப்படியும் நிற்கிற கோட்டோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பாறையானால் விரிசல் ஆக்கிவிடலாம், பூவிதழானால் வேறு தாள் எடுப்பதே நல்லது.

கோடே தெரியக்கூடாத வழவழப்பான பரப்புக்கு (தக்காளி, பீங்கான் கிண்ணம்) தாளில் வரையவே வேண்டாம். ஈரத் தூரிகையால் பென்சில் முனையைத் தடவி வண்ணத்தை எடுத்து, நேரே தாளில் பூசலாம். பென்சிலே வண்ணக் கட்டி ஆகிவிடும்.

இன்னொன்று: டெர்வென்ட் இங்க்டென்ஸ் போன்ற மைவகைப் பென்சில்கள் கரையும், ஆனால் ஒருமுறை கரைந்து காய்ந்தபின் மறுபடி அசையாது. மேல்மேலாக அடுக்க அவை சொர்க்கம். தவறைத் துடைத்தெடுக்க நினைப்பவர்களுக்கு நரகம்.

தாள் உரிந்து திரிதிரியாக வருகிறது

தாள் மெல்லியது, அல்லது ஈரமாக இருக்கும்போதே நீங்கள் தேய்த்தீர்கள். பெரும்பாலும் இரண்டுமே. உடனே நிறுத்திவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் பிளேடைப் படுக்கையாக வைத்து அந்தத் திரிகளைச் சீவி, மேலே வழவழப்பான ஒரு தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேயுங்கள். அதன்பின் அந்த இடத்தில் உலர் பென்சில் மட்டும்தான்.

வாட்டர்கலருக்கென்றே விற்கும் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தாள் வாங்குங்கள். ஸ்கெட்ச் நோட்டிலும் சார்ட் பேப்பரிலும் தண்ணீர் விட்டுவிட்டுப் பென்சிலைத் திட்டுவது நியாயமில்லை. நல்ல தாளானாலும் நாலு பக்கமும் டேப் ஒட்டிப் பலகையில் இறுக்கினால் அப்பளம்போல் நெளியாது. ஏற்கெனவே நெளிந்திருந்தால் பின்பக்கத்தை லேசாக ஈரமாக்கி, இரண்டு சுத்தமான தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை ஓர் இரவு மேலே அடுக்கி வையுங்கள்.

பழைய தாளில் வேறொரு சிக்கல் உண்டு. தாளின் மேல் பசைப்பூச்சு ஒன்று இருக்கிறது; அதுதான் தண்ணீரைச் சிறிது நேரம் மேலேயே நிறுத்தி வைக்கிறது. பரணில் இரண்டு மழைக்காலம் கிடந்த தாளில் அந்தப் பூச்சு கெட்டுப்போகலாம். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு நின்றால் நல்லது. மையொற்றும் தாள்போல் உடனே உள்ளே இழுத்துக்கொண்டால் அதை உலர் பென்சில் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

நடுவே காலிஃப்ளவர் போன்ற கறை

பாதி காய்ந்த பூச்சுக்குள் அதைவிட ஈரமான தூரிகையை வைத்தீர்கள். புதுத் தண்ணீர் வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் அங்கே விட்டுவிடுகிறது. அந்தப் பரப்பு முழுவதையும் அதன் எல்லைவரை ஒரே சீராக மறுபடி ஈரமாக்கி, துணியால் ஒற்றி எடுத்தால் ஓரளவு சமமாகும். பழைய மதில் சுவரென்றால் நான் அப்படியே விட்டுவிடுவேன். பாசிபிடித்த சுவருக்கு அதைவிட நல்ல கறை கிடையாது.

காய்ந்த தாளென்று நினைத்துக் கோடு போட்டேன், கறுப்பாக இறங்கிவிட்டது

தாள் காயவில்லை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பெங்களூரில் மார்ச்சு மாதம் டீ போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் காய்ந்துவிடுகிற அதே பூச்சு, ஜூலைத் தூறலில் டீ குடித்து முடித்துப் பாத்திரம் கழுவி வந்தாலும் காயாது. ஹேர் டிரையர் வைக்கலாம். ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கும்போதே வைத்தால் காற்று அதை ஓரத்துக்குத் துரத்தி மேலே சொன்ன காலிஃப்ளவரை உண்டாக்கும்.

வேண்டுமென்றே ஈரத்தாளில் வரைவது நல்ல உத்திதான். ஆழமான, மங்காத, மென்மையான கோடு கிடைக்கும். மாட்டின் மூக்கு, ஈர மண் போன்றவற்றுக்குப் பொருந்தும். பிழை திருத்த முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலாப்பழம் வரைந்தேன்; அன்னாசி என்கிறார்கள்

அல்சூர் என்ற பெயரே பலாவிலிருந்து வந்தது என்பார்கள். கன்னடத்தில் பலா 'ஹலசு'. இந்த ஊரில் இருந்துகொண்டு பலாவைச் சொதப்பக்கூடாது என்று ஒரு மே மாதம் முழுவதும் அதையே வரைந்தேன்.

ஒவ்வொரு முள்ளாகத் தொடங்குவதுதான் பிழை. இடது மூலையில் தொடங்கி, ஒரே அளவில், ஒரே அடர்த்தியில் அடுக்கிக்கொண்டே போனால் பழம் தட்டையாகி, முள் மட்டும் மிஞ்சும். முதலில் முள்ளை மறந்துவிடுங்கள். வெறும் உருண்டை வரைவதுபோல் மஞ்சள்பச்சையை மெல்லப் போட்டு, நிழல் பக்கம் காவியும் பழுப்புமாகச் சேர்த்து, தண்ணீரால் கரைத்து, முழுவதும் காயவிடுங்கள். இந்த நிலையிலேயே அது கனமான ஒரு காயாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேலே எத்தனை முள் வைத்தாலும் பயனில்லை.

பிறகு பழத்தை அருகில் வைத்துப் பாருங்கள். முள் கூரான ஊசி அல்ல. அடி அகன்று ஏறக்குறைய அறுகோணமாக இருக்கும் குட்டிக் கோபுரம். நம் முகத்துக்கு நேரே உள்ளவை பூப்போல் விரிந்து தெரியும், நடுவில் ஒரு கறுத்த புள்ளியோடு. ஓரத்தை நோக்கிப் போகப் போக அவை சாய்ந்து, ஒன்றையொன்று மறைத்து நெருங்கும். விளிம்பில் ரம்பப் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும். காம்பருகே சிறுத்துவிடும். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் ஒவ்வொரு முள்ளின் வலச்சரிவிலும் மட்டும் கூர்முனைப் பென்சிலால் சிறு முக்கோண நிழல், இடச்சரிவைத் தொடாதீர்கள். இங்கும் பாறைக்குச் சொன்னதே: வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் பட்டையில் முழு முள், வெளிச்சத்தில் நடுப்புள்ளி மட்டும், இருட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பார்ப்பவர் கண்ணே மீதி முள்ளை வைத்துக்கொள்ளும்.

கடைசியாக, சில முட்களின் இடுக்கில் மட்டும் நுனித்தூரிகையால் ஒரு துளி ஈரம் வைத்து நிழலைக் கரைத்துவிடுங்கள். எல்லா இடுக்கிலும் அல்ல. சில கூர்மையாகவும் சில கசிந்தும் இருக்கும்போதுதான் பழம் மேசையில் உட்காரும்.

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1502இல் தீட்டிய முயலிலும் இந்த வரிசைதான்: கீழே மெல்லிய வண்ணப்பூச்சு, அதன் மேல் ஒவ்வொரு மயிராக நுண்கோடுகள். ஃபேபர் காஸ்டெல் தன் வாட்டர்கலர் பென்சிலுக்கு அவர் பெயரை வைத்திருப்பது பொருத்தம்தான், விலை கைகடித்தாலும்.

மரப்பட்டை கோடுபோட்ட சட்டைபோல் இருக்கிறது

பட்டையில் நீங்கள் கோடுகளைப் பார்க்கிறீர்கள். அங்கே இருப்பவை பாளங்கள். கப்பன் பூங்காவின் கிழட்டுத் தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் அருகே நின்று பாருங்கள். பட்டை நெடுக வெடித்து, குறுக்கேயும் வெடித்துத் தனித்தனிப் பாளமாக நிற்கும். வெடிப்புக்கு ஒரு கரையில் வெளிச்சம், மறுகரையில் நிழல். எனவே ஒவ்வொரு கறுப்புக் கோட்டையும் ஒட்டி ஒரு வெளிறிய கோடு இருந்தாக வேண்டும். கோட்டின் கனமும் ஒரே சீராக இருக்கக்கூடாது. பென்சிலை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இழுத்தால் அது தானாகத் தடித்தும் மெலிந்தும் போகும். லால்பாக் இலவ மரத்தின் அடிமரத்துக்கு இதே வித்தையைக் காட்டாதீர்கள். அதன் தோல் யானைக்கால்போல் மடிப்பும் வழவழப்புமானது, அங்கே தண்ணீர்தான் பேச வேண்டும்.

வெள்ளையாக விட்ட கீறல்கள் கறுத்துவிட்டன

மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் தாளில் கீறி, மேலே பென்சிலைப் படுக்கையாக ஓட்டினால் கீறல்கள் வெள்ளையாக நிற்கும். இலை நரம்புக்கும் பூனை மீசைக்கும் அருமையான வழி. ஆனால் அதன்மேல் தண்ணீர் பட்டால் கரைந்த வண்ணம் நேரே அந்தப் பள்ளங்களுக்குள் ஓடித் தேங்கி, வெள்ளை நரம்பு கறுப்பு நரம்பாகிவிடும். ஆகவே முதலில் பூச்சு, பிறகு காயவிடுதல், அதற்குப் பின் கீறல், கடைசியில் உலர் பென்சில். அப்போது நரம்பு கீழ்ப்பூச்சின் வெளிர்பச்சையில் தெரியும். அசல் இலையிலும் அப்படித்தான்.

தூய வெள்ளையே வேண்டுமென்றால் வெள்ளை மெழுகுவத்தியின் ஓரத்தால் தாளில் முதலிலேயே கோடு இழுத்துவிடுங்கள். மெழுகு உள்ள இடத்தில் தண்ணீர் ஒட்டாது. ஆனால் மெழுகைத் திரும்ப எடுக்க முடியாது, அதன்மேல் பென்சிலும் சரியாகப் பிடிக்காது.

பித்தளை விளக்கு மண் விளக்காகிவிட்டது

வண்ணத்தில் குறையில்லை, சரிவில்தான் குறை. மண்சட்டியில் வெளிச்சம் மெல்ல மெல்ல நிழலாகிறது. துலக்கிய குத்துவிளக்கில் அப்படியல்ல. பளீரென்ற வெள்ளைக்குப் பக்கத்திலேயே, நடுவில் எதுவுமில்லாமல், கடும்பழுப்பு உட்கார்ந்திருக்கும். மஞ்சள், காவி, அடர்பழுப்பு ஆகியவற்றைத் தனித்தனி வடிவங்களாக வெட்டி வைப்பதுபோல் போடுங்கள். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே நனைத்து, ஒன்று காய்ந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். வெள்ளையின் குறுக்கே தூரிகை ஒருமுறை போனாலும் பளபளப்பு போய்விடும். தண்டின் ஓரத்தில் அருகிலுள்ள புடவையின் நிறமோ ஜன்னலின் நீலமோ ஒரு கீற்றாகத் தெரியும். அதையும் வைத்துவிட்டால் உலோகம் உலோகமாகிவிடும். போன வெள்ளையை விறைப்பான ஈரத் தூரிகையால் நீவி, துணியால் ஒற்றி ஓரளவு மீட்கலாம். அதுவும் முடியாவிட்டால் வெள்ளை போஸ்டர் கலரில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

வண்ணம் சேறாகிவிட்டது

பச்சையும் சிவப்பும், அல்லது நீலமும் ஆரஞ்சும் உலர்ந்த நிலையில் அழகாக அடுக்கி நிற்கும். நனைத்ததும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து குட்டைத்தண்ணீர் ஆகும். ஓர் அடுக்கை நனைத்துக் காயவைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். நிழலுக்குக் கறுப்புப் பென்சிலைத் தேடாதீர்கள். கருநீலமும் அடர்பழுப்பும் சேர்ந்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும். கிண்ணத்துத் தண்ணீரையும் ஒருமுறை பாருங்கள்.

முனை உடைந்துகொண்டே இருக்கிறது

பென்சில் கீழே விழுந்திருக்கும். உள்ளே குச்சி துண்டுதுண்டாகிவிட்டால் எத்தனை சீவினாலும் உதிரும். ஷார்ப்பனரின் பிளேடு மழுங்கியிருந்தாலும் இதே தொல்லை வரும் என்பதால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். ஈரத்தில் தோய்த்த முனையை உடனே சீவாதீர்கள். ஊறிய குச்சி மாவாகப் பிதுங்கும்.

சுவரில் மாட்டிய படம் வெளுத்துவிட்டது

சில ஊதாக்களும் ரோஜா நிறங்களும் வெளிச்சத்தைத் தாங்கா. நல்ல பென்சில்களில் நட்சத்திரக் குறியோ வேறு குறியோ இருக்கும். அது கூடுதலாக உள்ளவற்றை விற்பனைக்கான படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் குமாரகிருபா சாலைச் சித்திரச் சந்தையில் படம் வைக்க எண்ணுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவர் அதை ஜன்னலுக்கு எதிரேதான் மாட்டுவார். குறியை நம்பாதவர்கள், எல்லா நிறங்களையும் ஒரு பட்டைத் தாளில் பூசி, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் சமையலறை ஜன்னலில் ஒட்டி வைத்து மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்துப் பார்க்கலாம். தேறாத நிறங்களைத் தூக்கியெறிய வேண்டாம். மூடிய ஸ்கெட்ச் நோட்டுக்குள் இருக்கும்வரை அவற்றுக்கு ஒரு குறையும் வராது.